பாண்டிச்செல்வியின் குழந்தை

ஆமத்தூர் ஊர்க்காவலனுக்கு மகள் பிறந்த செய்தியும், மனைவி பிழைப்பது கஷ்டம் என்ற செய்தியும் ஒன்றாகத்தான் வந்தன. மதுரையில் ஒரு மருத்துவமனையின் மூன்றாவது மாடி. கதவைப் பாதி திறந்துகொண்டு எட்டிப் பார்த்த டாக்டர் முதலில் மகள் என்றார். பிறகு மற்றதைச் சொன்னார். எதற்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஊர்க்காவலன் தலையை மட்டும் ஆட்டினான்.

ஊர்க்காவலன் என்பது அவன் பேர்தான், வேலை இல்லை. அப்போது அவனுக்கு முப்பத்தொரு வயது. சிவகாசியில் காலண்டர் அடிக்கும் கம்பெனி ஒன்றில் நாலு கலர் ஆப்செட் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். பதினொரு வருட வேலை. ஓடும் மெஷினிலிருந்து ஒரு தாளை உருவி, வெளிச்சத்தில் பிடித்து, முருகன் முகத்தில் சிவப்பு ஒரு பொட்டு கூடிவிட்டது என்று சொல்வான். சோதித்தால் சரியாக இருக்கும். மனைவி பாண்டிச்செல்வி விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பெட்டி அடைக்கும் வேலை பார்த்தாள். கல்யாணமாகி நாலு வருடம் கழித்து உண்டான பிள்ளை. ஆறு மாதம் தாண்டியும் வேலைக்குப் போனாள். கால் வீங்கியபோது, "நாளெல்லாம் நிக்கிறம்ல, அதான்" என்றாள். தலைவலித்தபோது, வெடிமருந்து நெடி என்றாள்.

ஏழாம் மாதம், ஆவணியில் ஒரு காலை, வேலைக்குப் போக ஆமத்தூர் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தவளுக்கு வலிப்பு வந்தது. ரத்த அழுத்தம் ஏறிப்போயிருந்தது. விருதுநகரில் ஊசி போட்டு, அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். எடை ஆயிரத்து எண்பது கிராம். பாண்டிச்செல்வி இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்தாள். மூன்றாம் நாள் விடிகாலையில் போய்விட்டாள். பிள்ளையை அவள் பார்க்கவில்லை.

சுடுகாட்டில் பால் ஊற்றும் காடாத்து முடிந்த அன்றே ஊர்க்காவலன் பையை எடுத்துக்கொண்டான். காரியாபட்டியில் கட்டிக்கொடுத்திருந்த அவனுடைய அக்கா சீனியம்மாள் வாசலில் மறித்தாள்.

"ஏலே, பதினாறு முடியாம எங்கன போற?"

"பிள்ளை அங்கன தனியாக் கெடக்குக்கா."

"இருக்கட்டும்டா. டாக்டருக இருக்காக, நர்சுக இருக்காக..." என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "அது தங்குற பிள்ளையாத் தெரியலன்னு எல்லாரும் பேசிக்கிறாக. நீ மனச விட்றாதலே."

அவன் அவளைத் தாண்டிப் படியிறங்கினான். பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திருமங்கலம் தாண்டும் வரைக்கும் பக்கத்தில் யாரும் வந்து உட்காரவில்லை.

பச்சிளம் குழந்தைகள் பிரிவில் கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. அவன் மகள் கிடந்த பெட்டியில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது: 'பாண்டிச்செல்வியின் குழந்தை. பெண்.' அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தாயின் பேர்தான். மருந்து வாங்கிவரச் சொல்ல வேண்டுமானால் நர்ஸ் கதவருகே வந்து, "பாண்டிச்செல்வி! பாண்டிச்செல்வி கூட இருக்கிறவங்க!" என்று கூப்பிடுவார். முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டபோது ஊர்க்காவலன் எழுந்திருக்கவில்லை. எழ முடியவில்லை. அப்புறம் பழகிவிட்டது. பழகியது மட்டுமில்லை, யாராவது கூப்பிடமாட்டார்களா என்று காத்திருக்கவும் தொடங்கினான். ஊரில் அந்தப் பேரைச் சொல்ல எல்லோரும் தயங்கினார்கள். இங்கே ஒரு நாளைக்கு நாலு தரம் சத்தமாகச் சொன்னார்கள்.

பிறந்த ஏழாம் நாள் தலையில் ஸ்கேன் எடுத்தார்கள். உச்சிக்குழி வழியாகவே உள்ளே பார்க்க முடியுமாம். டாக்டர் ஞானதீபம் அவனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஐம்பது வயதுப் பெண்மணி. என்ன வேலை பார்க்கிறான் என்று முதலில் விசாரித்தார். பிரஸ் என்றான்.

"மாசம் நெறையாமப் பொறக்குற பிள்ளைகளுக்கு மூளைக்குள்ள இருக்கிற ரத்தக்குழாயெல்லாம் நனைஞ்ச காகிதம் மாதிரி. சட்டுனு கிழிஞ்சிரும். ஒங்க பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் கிழிஞ்சு ரத்தம் கசிஞ்சிருக்கு."

"நிக்காதா டாக்டரம்மா?"

"ரத்தம் நின்னுரும். அதுக்குப் பிறகு வர்றதுதான் கவலை. மூளைக்குள்ள எப்பவும் கொஞ்சம் நீர் ஊறும், ஓடும், வத்தும். உறைஞ்ச ரத்தம் அது போற வழிய அடைச்சா நீர் தேங்கிரும். தேங்குனா மூளைய அமுக்கும். தலை பெருசாகும்."

"இப்ப என்ன செய்யணும்?"

"இப்பச் செய்ய ஒண்ணுமில்ல. சில பிள்ளைகளுக்கு வழி தானாத் தெறந்துக்கிரும். தெனமும் தலைய அளந்துக்கிட்டே இருக்கணும். பொறுத்துத்தான் பாக்கணும்."

செய்ய ஒன்றுமில்லை என்பதுதான் அவனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. மெஷின் நின்றுவிட்டால் எதையாவது கழற்றிப் பார்க்கலாம். இங்கே கையைக் கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நிற்க வேண்டியிருந்தது. உள்ளே, ஒரு பெரிய கத்தரிக்காயை விடப் பெரிதில்லாத உடம்பு. நெஞ்சுக்கூடு படபடவென்று ஏறி இறங்கும். பால், முகம் தெரியாத தாய்மார்கள் ஆஸ்பத்திரி பால் வங்கிக்குக் கொடுத்தது. மூக்குக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும்.

மூச்சுவிட வாயில் செருகியிருந்த குழாயை எடுத்த மறுநாள், ஜெமிமா என்ற நர்ஸ் அவனிடம் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். "தம்பி, சட்டையக் கழத்துங்க" என்றார்.

"என்னது சிஸ்டர்?"

"பிள்ளைய நெஞ்சோட வச்சுக்கிடணும். உடம்புச் சூடு பட்டாத்தான் தேறும். மத்த பிள்ளைகளுக்கு அம்மா செய்றாங்க. இவளுக்கு நீங்கதான் செய்யணும்."

அந்த அறையில் ஏழெட்டுத் தாய்மார்கள் பிள்ளையை மார்பில் கட்டிக்கொண்டு சாய்ந்திருந்தார்கள். ஊர்க்காவலன் வாசலிலேயே நின்றுவிட்டான். ஜெமிமா ஒரு மூலையில் நாற்காலி போட்டு, பச்சைத் திரையை இழுத்துவிட்டார். அவன் சட்டையைக் கழற்றி உட்கார்ந்தான். பிள்ளையை நெஞ்சில் வைத்து ஒரு துணியால் சுற்றினார். பூனைக்குட்டியின் கனம்கூட இல்லை. அவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

"மூச்சு விடுங்க தம்பி. ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு ஜெமிமா போய்விட்டார்.

அன்றிலிருந்து தினமும் நாலு மணி நேரம் திரைக்குப் பின்னால். திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் மாமியாரைப் பற்றியும் தையல் வலியைப் பற்றியும் பேசிச் சிரிப்பார்கள். ஒரு பிள்ளை வீட்டுக்குப் போனால் எல்லோரும் சேர்ந்து அழுவார்கள். அவனிடம் யாரும் பேசியதில்லை. அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. சட்டையில்லாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆணிடம் என்ன பேசுவார்கள்? சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் கூடை கூடையாகச் சாப்பாடு வரும். அந்த நேரத்தில் அவன் கீழே இறங்கிப்போய், மரத்தடியில் நின்று டீ குடித்துவிட்டு வருவான். சில நாள், "ஒரு டீ" என்பதைத் தவிர வேறு வார்த்தை வெளி மனிதர் யாரிடமும் பேசியிருக்கமாட்டான்.

மூன்றாவது வாரத்தில் தலை வளரத் தொடங்கியது. இஞ்சு டேப்பால் தினமும் அளந்து அட்டையில் எழுதுவார்கள். வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சரி என்றார்கள். ஒரே வாரத்தில் இரண்டு கூடியது. எண் ஏறுவதற்கு முன்பே ஊர்க்காவலனுக்குத் தெரிந்துவிட்டது. நெஞ்சில் சாய்ந்திருக்கும் தலையின் எலும்புகளுக்கு இடையே இருந்த கோடு விரலுக்கு அகலமாகப் பட்டது. ஜெமிமாவிடம் சொன்னான். அவர் தொட்டுப் பார்த்து, உடனே டாக்டருக்குப் போன் போட்டார்.

முதலில் முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். இரண்டு நாளில் மறுபடி ஏறியது. பிறகு ஒரு சின்ன அறுவை. தலைத்தோலுக்கு அடியில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சிறு குமிழை வைத்து, அதிலிருந்து ஒரு குழலை மூளைக்குள் நீர் தேங்கிய இடத்துக்கு விட்டார்கள். இனி அந்தக் குமிழில் மெல்லிய ஊசியைக் குத்தி வேண்டியபோது நீரை எடுக்கலாம்.

"நிரந்தரமா ஒரு குழாய் வைக்கணும். ஆனா இப்ப முடியாது" என்றார் ஞானதீபம். "நீர்ல ரத்தமும் கசடும் கெடக்கு, குழாய அடைச்சிரும். பிள்ளையும் ரெண்டு கிலோவாவது வரணும். அதுவரைக்கும் இப்படி எடுத்து எடுத்து ஓட்டணும்."

"எம்புட்டு நாளு?"

"ரெண்டு மாசம் ஆகலாம்."

ஊசி குத்தும்போது வெளியே நிற்கச் சொன்னார்கள். அவன் உள்ளேயே நிற்கிறேன் என்றான். முதல் நாள் வந்த நீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. மறுநாளும் அப்படித்தான். ஒரு வாரத்தில் கொஞ்சம் வெளுத்தது. ஊர்க்காவலன் அந்தச் சின்னக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான்.

"நேத்தைக்கு இன்னைக்குச் சிவப்பு கொறைஞ்சு மஞ்சள் ஏறியிருக்கு டாக்டரம்மா."

ஞானதீபம் வாங்கிப் பார்த்தார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றார். மாலையில் பரிசோதனைக்கூட அறிக்கை வந்தது. கசடு குறைந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் குப்பியை முதலில் அவனிடம்தான் நீட்டுவார். அந்த இரண்டு மாதத்தில் அவனுக்கு வேலை என்று ஒன்று இருந்தது என்றால் அது அதுதான்.

சிவகாசியிலிருந்து போர்மேன் செல்லப்பாண்டி போன் செய்தார்.

"ஏலே காவலு, சீசன் நேரம்டா. காலண்டர் ஆர்டர் குவிஞ்சு கெடக்கு. எப்ப வருவ?"

"தெரியலண்ணே."

"பிள்ளைக்கு எப்படியிருக்கு?"

"இருக்குண்ணே."

செல்லப்பாண்டிக்குப் பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. எந்த மெஷின் என்றுகூட ஊர்க்காவலனால் சொல்ல முடிந்தது. "ஓம் மெஷினுக்கு வேற ஆளப் போடுறேன்டா. தப்பா நெனைக்காத."

"போடுங்கண்ணே."

மருத்துவமனைக்குப் பின்தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சின்னப் பிரஸ் ஒன்றில் காலையில் மூன்று மணி நேரம் வேலை கிடைத்தது. அதில் சாப்பாடு ஓடியது.

தீபாவளி வந்தது. அன்றைக்குப் பாதி வார்டு காலி. இருக்கிற பிள்ளைகளைப் பார்க்க வீட்டுக்காரர்கள் புதுத்துணியோடு வந்திருந்தார்கள். வெளியே வெடிச்சத்தம். ஜெமிமா கிறிஸ்தவர் என்பதால் பண்டிகை டூட்டியைத் தானே எடுத்துக்கொண்டிருந்தார். திரைக்குள் வந்து, பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அடுத்த வாரம் ஆபரேஷன் தம்பி. ரெண்டு கிலோ நூறு வந்துட்டா. பாரத்துல பேரு எழுதணும். எழுவத்தஞ்சு நாளுக்கு மேலாச்சு, இன்னும் நீங்க பேரு வைக்கல."

அவன் பிள்ளைமேல் சுற்றியிருந்த துணியைச் சரி செய்தான்.

"பொழைக்கமாட்டாளோன்னு பயந்துக்கிட்டு இருக்கீகளா?"

"அதில்ல சிஸ்டர்." நெஞ்சில் கிடந்த பிள்ளை விழித்துவிடாமல் மெதுவாகத்தான் பேச முடிந்தது. "இவளுக்குப் பேரு வச்சா அட்டைய மாத்தீருவீக. அப்புறம் அவ பேரைச் சொல்லி யாரு கூப்பிடுவாக?"

ஜெமிமா பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். அவ்வளவு நாளில் அவர் உட்கார்ந்து ஊர்க்காவலன் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா பேருன்னு ஒரு கட்டம் எல்லாப் பாரத்துலயும் இருக்கு தம்பி. ஆஸ்பத்திரியிலயும் இருக்கு, நாளைக்குப் பள்ளிக்கூடத்துலயும் இருக்கும். அங்கன எழுதாம விடமாட்டாக. ஆனா இவ பேரு நீங்க வச்சாத்தான் இருக்கும்."

மாரிசெல்வி என்றான். அதுவரை யோசித்து வைத்த பேர் இல்லை. விருதுநகர் மாரியம்மனும் வந்தாள், பாண்டிச்செல்வியில் பாதியும் வந்தது.

அறுவை சிகிச்சை ஒரு வியாழக்கிழமை நடந்தது. காதுக்குப் பின்னால் ஒரு வால்வு. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய், தோலுக்கு அடியிலேயே கழுத்து, நெஞ்சு வழியாக வயிற்றுக்குள் இறங்கியது. மூளையில் தேங்கும் நீர் இனி வயிற்றில் போய் வற்றிவிடும். பத்து நாள் கழித்து, தொண்ணூற்றைந்தாம் நாள், மாரிசெல்வியை அவன் கையில் கொடுத்தார்கள். வாந்தி, அதிகத் தூக்கம், கண் கீழே இறங்கி வெள்ளைவிழி மேலே தெரிவது, உச்சிக்குழி புடைப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் தாமதிக்கக் கூடாது என்று ஞானதீபம் ஒரு தாளில் எழுதித் தந்தார். ஜெமிமா தன் போன் நம்பரையும் ஓர் இஞ்சு டேப்பையும் தந்தார்.

முதல் மூன்று மாதம் காரியாபட்டியில் அக்கா வீட்டில் இருந்தான். சீனியம்மாள் பிள்ளையை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். ஆனால் வருவோர் போவோர் எல்லோரும் முதலில் தலையைத்தான் பார்த்தார்கள். பிறகு, "குழாய் வழியா உசிரு போயிறாதா?" என்று கேட்டார்கள். ஒருநாள் பருத்தி எடுத்துவிட்டு வந்த சீனியம்மாள் அவனிடம் சொன்னாள்.

"ஒரு பொண்ணு இருக்காடா. அவளுக்கும் மொதத் தாலி நிலைக்கல. நல்ல பிள்ளை. ஆனா..."

"ஆனா என்னக்கா?"

"பிள்ளைய இங்கன விட்டுட்டு வாறதுன்னா சரிங்கிறாக. நான் வளத்துக்கிருவேன்டா. நீ எம்புட்டு நாளைக்கு ஒத்தையில கெடப்ப?"

அக்கா மனதில் கள்ளமில்லை என்று அவனுக்குத் தெரியும். அதனால் கோபப்படவும் முடியவில்லை. அந்த வார முடிவில் மகளைத் தூக்கிக்கொண்டு ஆமத்தூருக்குத் திரும்பினான்.

பிள்ளையை வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போக முடியாது. பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி மடித்து ஒட்டும் வேலையை வீட்டுக்கு வாங்கினான். அந்தத் தெருவில் பெண்கள் செய்கிற வேலை. அச்சுத் தாளை நுனிவிரலால் உருவிப் பழகிய கை என்பதால் வேகமாக வந்தது. பெண்கள் ஒரு வீட்டு வாசலில் கூடி உட்கார்ந்து ஒட்டுவார்கள். அவன் வீட்டுக்குள் உட்கார்ந்து ஒட்டுவான். கூட வேலை பார்த்தவர்கள் கொஞ்ச நாள் வந்து பார்த்தார்கள். வந்தால் என்ன பேசுவதென்று அவர்களுக்கும் தெரியவில்லை. வருவது குறைந்து, பின் நின்றது.

மாரிசெல்வி மெதுவாக வளர்ந்தாள். எட்டாம் மாதத்தில்தான் தலை நின்றது. பதினோராம் மாதம் உட்கார்ந்தாள். அவளிடம் பேசிப் பேசித்தான் அவன் குரல் அவனுக்குக் கேட்டது. "ஆத்தா, இது சங்குச்சக்கரப் பெட்டி. பாரு, பச்சை எம்புட்டு அடிச்சிருக்கான்!" ஞாயிற்றுக்கிழமைதோறும் தலையை அளந்து, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தான்.

அடுத்த தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். காலையில் குடித்த பாலை மாரிசெல்வி கக்கினாள். மறுபடி கொடுத்தான், மறுபடி கக்கினாள். அழுதாள், பின் அழுகை சிணுங்கலானது. எதிர்வீட்டு லட்சுமிகாந்தம் சத்தம் கேட்டு வந்தாள். அவனைவிடப் பத்து வயது மூத்தவள். மதினி என்று கூப்பிடுவான்.

"ஒரம் விழுந்துருக்கு தம்பி. நீங்க தூக்கத் தெரியாமத் தூக்கியிருப்பீக. சேலையில போட்டு ரெண்டு உருட்டு உருட்டுனா எடுபட்டுரும். கொண்டாங்க." சேலையை விரிக்கவும் செய்தாள். இன்னும் இரண்டு பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

"வேண்டாம் மதினி."

"நாலு பிள்ளை பெத்தவ சொல்றேன். ஆம்பளைக்கு என்ன தெரியும் இதுல?"

அவன் மகளை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து உச்சிக்குழியில் விரலை வைத்தான். உட்கார்ந்திருக்கும்போது பள்ளமாக இருக்க வேண்டியது மேடாக, இறுக்கமாக இருந்தது. டேப்பை எடுத்து அளந்தான். ஞாயிற்றுக்கிழமையைவிட முக்கால் சென்டிமீட்டர் கூடுதல். முகத்தைத் தூக்கிப் பார்த்தான். கருவிழி கீழே இறங்கி, மேலே வெள்ளை தெரிந்தது.

ஜெமிமாவுக்குப் போன் போட்டான். அவர் எடுத்தார். அவன் சொன்னதைக் கேட்டதும், "எங்கயும் நிக்காதீக. நேரா வந்துருங்க. டாக்டர்ட்ட நான் சொல்லிக்கிடுறேன்" என்றார். தெருமுனையில் ஏதோ லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஆட்டோவைக் கெஞ்சி விருதுநகருக்குப் போனான். ஆம்புலன்ஸ் கேட்டிருக்கலாம். அந்த நேரம் அது தோன்றவில்லை என்று பின்னால் ஜெமிமாவிடம் சொன்னான். பேருந்து நிலையத்தில் மதுரை வண்டி ஒன்று புறப்பட்டுக்கொண்டிருந்தது. பட்டாசு வாங்கப் போய்த் திரும்பும் கூட்டம். கண்டக்டர் பிள்ளையைப் பார்த்துவிட்டு ஓர் இளைஞனை எழுப்பி இடம் போட்டுக் கொடுத்தார்.

பக்கத்து இருக்கையில் ஒரு பெண். மாரிசெல்வி அவன் தோளில் துவண்டு கிடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அந்தப் பெண் சொன்னாள்: "பிள்ளை எம்புட்டு நல்லாத் தூங்குது! எங்க வீட்லயும் இருக்கே ஒண்ணு, பஸ்ஸுன்னாலே கத்தும்."

அவன் சிரிக்க முயன்றான். நினைவு தப்பிவிட்டதா என்று மகளின் உள்ளங்காலை நகத்தால் கீறிப் பார்த்தான். கால் இழுத்துக்கொண்டது. இன்னும் சற்றுத் தூரம். மறுபடி கீறினான். மெதுவாக இழுத்தது. அந்தப் பெண் முகம் சுளித்தாள். "தூங்குற பிள்ளைய ஏன் எழுப்புறீக?" உண்மையைச் சொல்லி, அவள் பதறி, வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்து, ஆளாளுக்கு ஒன்று சொல்வதை அவனால் தாங்க முடியாது. திருமங்கலம் வந்தது. கப்பலூர் வந்தது. அவன் கீறிக்கொண்டே இருந்தான். அத்தனை பேர் நெருக்கிக்கொண்டு நின்ற வண்டியில் அவனும் ஒரு பாதமும் மட்டும் இருந்த மாதிரி இருந்தது.

மருத்துவமனை வாசலில் ஜெமிமா நின்றிருந்தார். ஸ்கேனில் தெரிந்தது. குழாயின் மேல்முனை அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் அறுவை அரங்குக்கு எடுத்துப் போனார்கள். புதுக்குழாய் வைத்தார்கள்.

மறுநாள் காலையில் மாரிசெல்வி கண் திறந்து பால் குடித்தாள். ஞானதீபம் வந்து பார்த்துவிட்டு, அவன் கொண்டுவந்திருந்த காலண்டர் தாளை வாங்கி, வார வாரமாக எழுதியிருந்த எண்களை விரலால் ஓட்டிப் பார்த்தார்.

"நல்லாப் பாத்துக்கிட்டீங்க. ஆனா ஒண்ணு சொல்லணும் ஊர்க்காவலன். இது ஒரு தடவையோட முடியிற வைத்தியம் இல்ல. இந்தக் குழாயும் அடைக்கலாம். பத்து வருசம் கழிச்சு அடைக்கலாம், பத்து நாள்லயும் அடைக்கலாம். வளர வளர நீளம் பத்தாமலும் போகும். ஆயுசுக்கும் ஒருத்தர் கவனிச்சுக்கிட்டே இருக்கணும்."

"நான் இருக்கேன் டாக்டரம்மா."

"நீங்க இருக்கீங்க. உங்களுக்கு யாரு இருக்கா?"

டாக்டர் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அன்று மாலை பிள்ளை தூங்கியபின், நல்ல தூக்கம் அது, மூச்சைப் பார்த்து உறுதி செய்துகொண்டான், மரத்தடி டீக்கடைக்குப் போய் ஊர்க்காவலன் அழுதான். பாண்டிச்செல்வி செத்தபோதுகூட அப்படி அழவில்லை. டீக்கடைக்காரர் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தார்.

அதன் பிறகு மூன்று வருடம் போயிற்று. குழாய் இதுவரைக்கும் அடைக்கவில்லை. மாரிசெல்வி இரண்டரை வயதில் நடந்தாள். வலதுகால் கொஞ்சம் விறைப்பு, குதிகால் படாமல் வைப்பாள். கண்ணாடி போட்டிருக்கிறாள். பேச்சு மட்டும் ஊருக்கு முந்தியது. அங்கன்வாடியில் டீச்சரையே கேள்வி கேட்கிறாள். ஊர்க்காவலன் பகல் ஷிப்டு மட்டும் என்று கேட்டுக் கம்பெனியில் திரும்பச் சேர்ந்தான். மெஷின் கிடைக்கவில்லை. அடித்து வந்த தாள்களில் நிறம் சரிபார்க்கும் வேலையைச் செல்லப்பாண்டி கொடுத்தார். லட்சுமிகாந்தம் மதினிதான் மதியத்துக்குமேல் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். உச்சிக்குழி மூடிவிட்டதால் இப்போது டேப் வேண்டியதில்லை. வாந்தி, தலைவலி என்றால் அவளே போன் செய்துவிடுவாள்.

இந்த வருடம் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்குச் சீனியம்மாள் வந்து, மருமகளை விருதுநகருக்குக் கூட்டிப் போகிறேன் என்றாள். அங்கே அவள் நாத்தனார் வீடு. இரண்டு நாள் தங்கித் திருவிழா பார்த்துவிட்டு வரலாம். ஊர்க்காவலனுக்கு அன்று லீவு இல்லை. அனுப்பினான். ஆஸ்பத்திரியில் கையில் வாங்கிய நாளிலிருந்து அவளை விட்டு ஒரு ராத்திரி அவன் பிரிந்ததில்லை.

மறுநாள் ஞாயிறு. வீட்டைக் கூட்டினான். ஒற்றை ஆளுக்கு உலை வைத்தான், அரிசி அளவு பிடிபடாமல் மிஞ்சிப் போயிற்று. கட்டிலில் படுத்துப் பார்த்தான். பல வருடங்களாக, இப்படிக் கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாமல் படுத்துக் கிடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறான். பதினைந்து நிமிடத்தில் எழுந்துவிட்டான்.

நாலரை மணிக்குப் போன் வந்தது. மேளச் சத்தத்துக்கு நடுவே அக்கா கத்தினாள்.

"ஏலே, இவ ராட்டினத்துல ஏறணுங்கிறா. அழுறா. ஏத்தலாமா? தலையில குழாய் இருக்கே, ஒண்ணும் ஆயிறாதே?"

டாக்டர் இதைப் பற்றிச் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை. "பெரிய ராட்டினமா, சின்னதா?"

"சின்னதுதான். குதிர வச்சது, சுத்தி வரும்."

பின்னால் மகளின் குரல் கேட்டது. "அப்பா, வெள்ளக் குதிர! வெள்ளக் குதிரப்பா!"

அவன் வாசலுக்கு வந்தான். தெருவில் யாரும் இல்லை, எல்லோரும் பொங்கலுக்குப் போயிருந்தார்கள். "ஏத்துக்கா" என்றான். "நீயும் கூட நில்லு. இடுப்பப் பிடிச்சுக்க. தலையப் பிடிக்காத."

"போன வைக்கவாடா?"

"வைக்காத. கையிலயே வச்சுக்க."

போனுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. ராட்டினம் கரகரவென்று கிளம்பியது. ஊர்க்காவலன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, செருப்பில்லாமல் வெயிலில் நின்று, அவள் சிரிக்கிறாளா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.